கருவி வாங்குமுன்

‘வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்’ என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. இதனைச் சொல்லுகையில் வல்லவனின் ஆற்றலையே நாம் வியக்கிறோம். அவன் ஏன் புல்லைக் கையிலெடுத்தான் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. வேறு கருவி வாங்க வழியின்றி எடுத்தானா? அல்லது இந்த வேலைக்கு இது போதும் என்று தெளிந்து எடுத்தானா? முன்னது வறுமை, பின்னது விவேகம். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆயினும், பல குடும்பங்களின் வாழ்வும் தாழ்வும் இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை உணர்வதைப் பொறுத்தே அமைகின்றன.

திருப்பூர் வட்டாரத்தில் இது வெறும் ஏட்டுச் சிந்தனை அன்று. பங்கு இல்லங்களைச் சந்திக்கச் செல்லும்போது, முன்னறையில் பாதியை அடைத்துக்கொண்டு ஓர் ஓவர்லாக் இயந்திரம் நிற்பதையும், அதன்மேல் பழைய சேலை போர்த்தியிருப்பதையும் நாம் காண்பதுண்டு. சேலை போர்த்திய இயந்திரத்துக்கும் தவணை உண்டு. 2025 ஆகஸ்டு மாதத்தில் இந்தியப் பொருள்கள்மீது அமெரிக்கா 50 விழுக்காடு சுங்க வரி விதித்தபோது, ஆர்டர்கள் குறைந்த கூடங்களில் இயந்திரங்கள் ஓய்ந்தன, தவணைகள் ஓயவில்லை. ஆகவே, எந்தக் கருவியை வாங்குவது, எதை வாங்காதிருப்பது என்னும் வினாவை நம் மண்ணின் வரலாற்றினிடமே கேட்டறிவது பயன் தரும். அதற்கு முதலில் தச்சரின் பட்டறைக்குச் செல்வோம்.

தச்சரின் பெட்டி

கொங்கு நாட்டுச் சிற்றூர்த் தச்சரின் கருவிப் பெட்டியைத் திறந்து பார்த்தவர்கள் அது எவ்வளவு சிறியது என்பதை அறிவார்கள். வாள், இரண்டு மூன்று உளிகள், இழைப்புளி, வாய்ச்சி, கொட்டாப்புளி, மூலைமட்டம், துளையிடும் துரப்பணம், அரம். இவற்றைக் கொண்டே ஏர், நுகம், மாட்டு வண்டி, நிலை, கதவு, தொட்டில், தறி ஆகிய அனைத்தையும் அவர் செய்து முடித்தார்.

இந்தக் கருவிகளிலும் விலைகொடுத்து வாங்கியவை சிலவே. இழைப்புளியின் இரும்பு அலகு மட்டுமே கொல்லரிடமிருந்து வரும்; அதைத் தாங்கும் கட்டையை உறுதியான மரத்தில் தச்சரே செதுக்கிக்கொள்வார். கொட்டாப்புளி, அடி தாங்கும் புளியமரக் கட்டையில் பிறக்கும். ஒரு சிறு கட்டையில் ஆணி அடித்து, முனையைக் கூராக்கினால் மரத்தின் விளிம்புக்கு இணையாகக் கோடு கிழிக்கும் கருவி ஆயிற்று. ஒட்டிய பலகைகளை இறுக்கிப் பிடிக்கக் கடையில் விற்கும் இரும்புப் பிடிகள் இல்லாவிடில், கயிற்றைச் சுற்றிக் குச்சியால் முறுக்கி, இடையில் ஆப்பு அடித்தால் போதும். மூலை சரியாக இருக்கிறதா என்று பார்க்க, சம இடைவெளியில் பன்னிரண்டு பாகங்களாக முடிச்சிட்ட கயிறு ஒன்றே போதும். மூன்று, நான்கு, ஐந்து என்ற அளவில் அதனை முக்கோணமாக விரித்தால் செங்கோணம் தானே அமையும். பிற்காலத்தில் லாரிகளின் தேய்ந்துபோன வில்பட்டைகள் கொல்லரின் உலைக்களத்தில் உளிகளாக மறுபிறவி எடுத்தன.

நமக்குத் தெரிந்த முதிய தச்சர் ஒருவர், தையல் மேசைகள் செய்து பிழைத்தவர், ஒருமுறை இவ்வாறு சொன்னார்: “சாமி, வேலை கேட்டா உளி வாங்கலாமுங்க, கடைக்காரரு கேட்டா வாங்கக்கூடாதுங்க.” பொருளாதார நூல்கள் பல பக்கங்களில் விளக்குவதை அவர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

தச்சுத் தொழில் நமக்கு அந்நியமானதன்று. நம் ஆண்டவரைக் குறித்து நற்செய்தி நூல்கள் வழங்கும் ‘தெக்தோன்’ என்னும் கிரேக்கச் சொல் (மாற்கு 6:3, ஒப்பிடுக மத்தேயு 13:55) மரத்திலும் பிற கடினப் பொருளிலும் வேலை செய்பவரைக் குறிப்பது. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த மறைச்சாட்சி புனித யுஸ்தீன், அவர் கலப்பைகளும் நுகங்களும் செய்தார் என்று எழுதியுள்ளார். பிறர் உழைப்பதற்கான கருவிகளைச் செய்து தருவதே நாசரேத்துப் பட்டறையின் பணியாயிருந்தது என்று அந்தப் பழைய மரபு கருதியது.

கருவியை ஆக்கவும் தீட்டவும் அறிந்திருப்பது விடுதலையின் ஒரு பகுதி என்பதையும் விவிலியமே நமக்குக் காட்டுகிறது. சாமுவேல் முதல் நூலின் 13ஆம் அதிகாரம், சவுல் காலத்து இஸ்ரயேல் நாட்டில் கொல்லர் எவரும் இல்லாதிருந்ததைக் கூறுகிறது. இஸ்ரயேலர் வாளும் ஈட்டியும் செய்துவிடக் கூடாது என்பதே பெலிஸ்தியரின் நோக்கம். ஆனால் அதன் விளைவு உழவரையும் தாக்கியது. கொழுமுனையையும் மண்வெட்டியையும் கோடரியையும் தீட்டிக்கொள்ளவும் அவர்கள் பெலிஸ்தியரிடமே சென்று, கேட்ட கூலியைக் கொடுக்க வேண்டியிருந்தது. அக்கூலியைக் குறிக்கும் ‘பிம்’ என்னும் சொல்லின் பொருள் நெடுங்காலம் விளங்காமலிருந்தது. அப்பெயர் பொறித்த சிறு எடைக்கற்களைத் தொல்லியலார் கண்டெடுத்த பின்னரே, அது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு செக்கேல் எடையுள்ள வெள்ளி என்பது தெளிவாயிற்று. கருவி தன்னுடையதாக இருந்தும், அதைத் தீட்டும் உரிமை பிறனுடையதாயின் அவன் முழு உரிமையாளன் ஆகான். இந்தக் கருத்தை மனத்தில் இருத்திக்கொண்டு நம் நெசவாளரின் வரலாற்றுக்கு வருவோம்.

குழித்தறியில் ஒரு சட்டம்

இங்கிலாந்தில் ஜான் கே என்பவர் 1733ஆம் ஆண்டில் விசைநாடாவைக் கண்டுபிடித்தார். அதுவரை நெசவாளர் நாடாவை ஒரு கையால் எறிந்து மறு கையால் பிடித்தனர். கே செய்தது எளிய மாற்றமே. அச்சைத் தாங்கி முன்னும் பின்னும் ஆடும் சட்டத்தின் இரு முனைகளிலும் பெட்டி வைத்து, நடுவே தொங்கும் கயிற்றைச் சுண்டினால் நாடா தானே ஓடும்படி அமைத்தார். ஒரு கை ஓய்வு பெற்றது, வேகம் கூடியது, அகலமான துணியையும் ஒருவரே நெய்ய முடிந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாண அரசு, தளர்ந்துகொண்டிருந்த கைத்தறியைத் தூக்கி நிறுத்த வழி தேடியது. சென்னைக் கலைப்பள்ளியில் 1898ஆம் ஆண்டில் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கிவைத்த ஆல்பிரட் சாட்டர்டன் என்ற பொறியாளரிடம் இப்பணி வந்து சேர்ந்தது. அவர் சேலத்தில் 1906ஆம் ஆண்டளவில் நெசவுக்கூடம் ஒன்றை நிறுவினார். சிறந்த தறிகளை ஒரே கூரையின்கீழ் அமைத்து, நெசவாளரைக் கூலிக்கு அமர்த்தினால் தொழில் செழிக்கும் என்பது எண்ணம். நெசவாளர் அங்கு வந்து நிலைத்திருக்க விரும்பவில்லை. தம் வீட்டில், தம் குழித்தறியில், மனைவி மக்கள் துணையோடு நெய்வதையே விரும்பினர். அரசே தொழில் நடத்துவதை இலண்டனில் இருந்த இந்திய அமைச்சர் மார்லி 1910ஆம் ஆண்டில் ஏற்க மறுத்ததால் சேலத்து முயற்சி முடிவுக்கு வந்தது.

ஆனால் நெசவாளர் புதுமையை வெறுத்தவர்கள் அல்லர் என்பதை அடுத்த இருபது ஆண்டுகள் காட்டின. தொழில்துறை அனுப்பிய நெசவுக் குழுவினர் ஊர் ஊராகச் சென்று விசைநாடாவை இயக்கிக் காட்டியபோது, நெசவாளர் அதனை ஏற்றுக்கொண்டனர். காரணம், அதற்காக எவரும் புதிய தறி வாங்க வேண்டியதில்லை. இருக்கும் குழித்தறியிலேயே பழைய சட்டத்தைக் கழற்றிவிட்டு, புதிய சட்டத்தைத் தொங்கவிட்டால் போதும். அந்தச் சட்டத்தை ஒருமுறை கண்ணால் பார்த்த உள்ளூர்த் தச்சர் அடுத்ததைத் தாமே செய்தார். பழுதானால் அவரே செப்பமிட்டார். இரண்டாம் உலகப் போர்க் காலத்துக்குள் சென்னை மாகாணத்துக் கைத்தறிகளில் பெரும்பாலானவை விசைநாடாத் தறிகளாகிவிட்டன.

ஈண்டு நாம் கவனிக்க வேண்டியது இதுவே. நெசவாளர் ஒட்டுமொத்தமாகப் புதிய கூடத்தைத் தள்ளினர். தேவையான ஒரு சட்டத்தைக் கொண்டனர். பட்டம் பெற்ற பொறியாளர் எளிதில் காணாத ஒன்றைப் பள்ளிப்படிப்பில்லாத நெசவாளர் கண்டுகொண்டனர்: வேலையைத் தடுப்பது தறி முழுவதுமன்று; நாடாவை எறியும் கைதான். தடை எங்கே உள்ளது என்று அறிந்தவர் அந்த இடத்துக்கு மட்டுமே செலவு செய்வார். அறியாதவர் அனைத்தையும் மாற்றுவார். தடையோ அப்படியே இருக்கும்.

ஒரு இலட்சம் ரூபாய்ப் பரிசு

தறியில் நிகழ்ந்த இந்தச் சிந்தனை இராட்டையில் இன்னும் ஆழமாக நிகழ்ந்தது. 1925ஆம் ஆண்டில் காந்தியடிகள் அகில இந்திய நூற்போர் சங்கத்தை நிறுவினார். அதன் தமிழகக் கிளை திருப்பூரில் இயங்கியது. காங்கயம் பகுதியைச் சேர்ந்த கோவை அ. அய்யாமுத்து அதன் செயலாளராகப் பணியாற்றினார். சுற்றுப்புறச் சிற்றூர்களின் பஞ்சும் நூலும் கதர்த் துணியும் திருப்பூருக்கு வந்து குவிந்தன. 1932 ஜனவரியில் கொடியேந்திச் சென்று தடியடிபட்டு உயிர்நீத்த குமரனின் ஊர், அந்நாளில் கதரின் ஊராகவும் விளங்கியது.

கதர் இயக்கத்தின் எளிய கருவி தக்ளி. ஒரு மூங்கில் குச்சியும், வட்டமாகத் தேய்த்த ஓட்டுச் சில்லும் இருந்தால் சிறுவனும் அதனைச் செய்துகொள்ளலாம். காந்தியடிகள் எரவாடாச் சிறையில் இருந்த காலத்தில் ஒரு சிறு பெட்டிக்குள் மடங்கி அடங்கும் இராட்டை உருவாயிற்று. போலந்து நாட்டுப் பொறியாளரும் பின்னர் பாரதானந்தர் எனப் பெயர் பெற்றவருமான மாரிஸ் பிரிட்மன், வில்லால் சுழற்றும் ‘தனுஷ் தக்ளி’யை அமைத்தார். பெரும் மின் இயந்திரங்களை அறிந்த அவர், மூங்கிலும் மரமும் கயிறும் கொண்டு கருவி செய்யத் தம் அறிவைச் செலவிட்டார்.

ஆயினும் இராட்டையால் நூற்கும் நூல் குறைவு, கூலியும் குறைவு. இதனை மறைக்காமல் ஒப்புக்கொண்ட நூற்போர் சங்கம் 1929ஆம் ஆண்டில் ஒரு போட்டியை அறிவித்தது. மேம்பட்ட இராட்டையை அமைப்பவருக்கு ஒரு இலட்சம் ரூபாய் பரிசு. அக்காலத்தில் அது மாபெரும் தொகை. நிபந்தனைகளே இங்கு நமக்கு முக்கியம். சிற்றூர்க் குடிசையில் கையாலோ காலாலோ இயக்கத்தக்கதாக அது இருக்க வேண்டும். ஒரு பெண் மிகுந்த களைப்பின்றி எட்டு மணி நேரம் அதில் வேலை செய்ய முடிய வேண்டும். விலை 150 ரூபாய்க்கு மிகாமல் இந்தியாவிலேயே செய்யத்தக்கதாக இருக்க வேண்டும். அவ்வப்போது செப்பமிட்டால் இருபது ஆண்டுகள் உழைக்க வேண்டும். செப்பமிடும் செலவு ஆண்டுக்கு விலையில் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது.

கருவி ஒன்றை மதிப்பிட இதைவிடச் சிறந்த அளவுகோலை நாம் எங்கும் கண்டதில்லை. எவ்வளவு விரைவாக ஓடும் என்பதோடு அது நின்றுவிடவில்லை. இயக்குபவரின் உடல் என்ன ஆகும், பழுதானால் எவர் சரிசெய்வார், எத்தனை ஆண்டு உழைக்கும் என்பவற்றையும் சேர்த்தே கேட்டது. அனைத்து நிபந்தனைகளையும் நிறைவு செய்வார் எவருமின்றிப் பரிசு வழங்கப்படாமலே போயிற்று.

பரிசுக் காலம் கடந்த பின்னர், 1940களின் இறுதியில், தமிழ்நாட்டைச் சேர்ந்த ஏகாம்பரநாதன் என்பவர் அந்த வினாவுக்குத் தம் விடையை முன்வைத்தார். நூற்பாலையின் வளைய நூற்புப் பொறியில் பஞ்சை இழுத்து மெலிதாக்கும் உருளைகளின் தத்துவத்தை எடுத்து, பெரும்பாலும் மரத்தாலான கைராட்டையில் பொருத்தினார். ஆலைக்குரிய அறிவை ஊர்த் தச்சரின் கைக்கு எட்டச் செய்த முயற்சி அது. அவர் பெயரின் ஒரு பகுதியே அதற்கு ‘அம்பர்’ என்ற பெயரைத் தந்தது. 1955ஆம் ஆண்டில் கார்வே குழு சிறுதொழில்களுக்கான தன் அறிக்கையில் அம்பர் இராட்டைக்கு முக்கிய இடம் அளித்தது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தில் அது நாடெங்கும் பரப்பப்பட்டது.

அதன் பின்விளைவையும் நாம் நேர்மையுடன் சொல்ல வேண்டும். மர உறுப்புகள் ஈரத்தில் உப்பின, வெயிலில் சுருங்கின, ஓயாத சுழற்சியில் தேய்ந்தன. உருளை சிறிது விலகினாலும் நூல் அறுந்தது. வழங்கப்பட்ட இராட்டைகள் பல, செப்பமிடுவார் இன்றி மூலையில் கிடந்தன. பின்னர் உலோக உறுப்புகளைக் கொண்ட புதிய அம்பர் இராட்டைகளே நிலைத்தன. மரத்தில் செய்ய முடியும் என்பதற்காக அனைத்தையும் மரத்திலேயே செய்வது சிக்கனம் ஆகாது என்பது இதிலிருந்து பெறும் பாடம். மலிவான கருவியால் வரும் இழப்பை நூற்கும் பெண் தன் நாட்கூலியில் செலுத்துகிறாள் என்றால், அது மலிவான கருவி அன்று.

தஞ்சையில் 1892ஆம் ஆண்டில் கிறிஸ்தவக் குடும்பமொன்றில் பிறந்த ஜே. சி. குமரப்பா இச்சிந்தனையை முழுமையான பொருளியலாக வளர்த்தார். 1934ஆம் ஆண்டில் தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் செயலாளராக அவர் வார்தாவில் உழைத்தார். இறுதி ஆண்டுகளை மதுரை மாவட்டத்துக் கல்லுப்பட்டியில் கழித்து 1960ஆம் ஆண்டில் மறைந்தார். வார்தாவில் அச்சங்கத்தினர், மண்ணெண்ணெயில் எரியும் அரிக்கேன் விளக்கையே சிறிது மாற்றி, ஊரில் ஆட்டும் தாவர எண்ணெயில் எரியச் செய்தனர். புதிய விளக்கு வாங்காமல், இருந்த விளக்கைத் திருத்திய செயல் அது. குமரப்பாவின் எழுத்தைத் தம் கட்டுரையில் எடுத்தாண்ட பொருளியலறிஞர் ஷூமாக்கர், ‘சிறியதே அழகு’ என்னும் பொருள்படும் தம் புகழ்பெற்ற நூலை 1973ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதற்கு ஈராண்டுகளுக்கு முன்னர் அவர் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்திருந்தார். அவர் நாடியது, மண்வெட்டிக்கும் மாபெரும் இயந்திரத்துக்கும் இடைப்பட்டதாய், ஏழை தன் கையால் ஆளக்கூடிய கருவியை.

பனியன் நகரின் மேசை

நூற்போர் சங்கம் தோன்றிய அதே 1925ஆம் ஆண்டளவில் திருப்பூரில் வேறொரு விதையும் ஊன்றப்பட்டது. குலாம் காதர் என்பவர் ‘பேபி நிட்டிங்’ என்ற பெயரில் பின்னலாடைத் தொழிலைத் தொடங்கினார். கையால் சுழற்றும் பின்னல் இயந்திரங்களே அந்நாளைய மூலதனம். 1932ஆம் ஆண்டில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பின்னர் கோவை வட்டாரத்துக்கு மின்சாரம் வந்தது. 1937ஆம் ஆண்டில் கோவையில் ஜி. டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து மின்மோட்டாரை உள்நாட்டிலேயே உருவாக்கினர். கையால் சுற்றிய இயந்திரங்களைக் காலப்போக்கில் மோட்டார் சுற்றத் தொடங்கியது.

திருப்பூரின் தனித்தன்மை அதன் இயந்திரங்களில் இல்லை. அவற்றைப் பகிர்ந்துகொண்ட முறையில் இருக்கிறது. ஒரு பனியன் உருவாக நூலைப் பின்ன வேண்டும், வெளுக்க அல்லது சாயமிட வேண்டும், காலண்டரிங் செய்ய வேண்டும், வெட்ட வேண்டும், ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் எனப் பலவகைத் தையல் வேண்டும், காஜா, பட்டன், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என வேலைகள் தொடரும். இத்தனைக்கும் இயந்திரங்களை ஒருவரே வாங்குவதாயின் செல்வந்தர் சிலரைத் தவிர எவரும் இத்தொழிலில் கால்வைத்திருக்க முடியாது. திருப்பூர் வேறு வழி கண்டது. ஒருவரிடம் பின்னல் இயந்திரம். அடுத்த தெருவில் மற்றொருவரிடம் காலண்டரிங். வேறொருவரிடம் காஜா இயந்திரம் மட்டும். ‘ஜாப் வொர்க்’ என்று நாம் அன்றாடம் சொல்லும் சொல்லின் உட்பொருள் இதுதான்: உன்னிடமுள்ள கருவியை நான் வாங்க வேண்டியதில்லை, என்னிடமுள்ளதை நீ வாங்க வேண்டியதில்லை. வேளாண்மையை விட்டு வந்தவர்களும், கூலியாகத் தொடங்கியவர்களும் ஓரிரு பழைய இயந்திரங்களோடு முதலாளிகளாக உயர இம்முறையே படிக்கட்டாயிற்று.

இந்தப் படிக்கட்டின் அடிப்படியில் நின்றவர் தச்சர் என்பதைப் பலர் மறந்துவிட்டனர். ‘பவர் டேபிள்’ என்று திருப்பூர் அழைப்பது என்ன? நீண்டதொரு மேசை, அதன்மீது வரிசையாகத் தையல் இயந்திரத் தலைகள், அடியில் ஒரே சுழல்தண்டு, அதனைச் சுற்ற ஒரே மோட்டார். ஒவ்வோர் இயந்திரத்துக்கும் தனி மோட்டார் வாங்கும் செலவை அந்த மேசை மிச்சப்படுத்தியது. பலகை அதிராமல், தண்டு கோணாமல், பெல்ட் நழுவாமல் அதனை அமைக்கும் நுட்பம் கைவினைஞருடையது. வெட்டும் மேசையும் செக்கிங் மேசையும் துணி அடுக்கும் சட்டங்களும் அவ்வாறே வந்தவை. 1970களின் இறுதியில் இத்தாலிய வணிகர்கள் திருப்பூர்ச் சரக்கைத் தேடி வந்தபோதும், 1990ஆம் ஆண்டில் ஏற்றுமதியாளர் சங்கம் அமைந்தபோதும், இந்த ஊரின் உழைப்பு பெரும்பாலும் இத்தகைய மேசைகளின்மீதே நடந்துகொண்டிருந்தது.

1999 ஏப்ரல் முதல் நாளன்று நடுவண் அரசு ஜவுளித் துறை நவீனமயமாக்கலுக்கான கடன் திட்டத்தைத் தொடங்கியது. வட்டியில் 5 விழுக்காட்டு அளவை அரசே ஏற்றது. 2005 ஜனவரியில் உலக ஆடை வணிகத்தின் ஒதுக்கீட்டு முறை முடிவுக்கு வந்தது. புதிய இயந்திரங்கள் தேவைப்பட்ட காலம் அது என்பதை மறுப்பதற்கில்லை. தரத்தையும் வேகத்தையும் உலகச் சந்தை கேட்டது; வேலையே கேட்ட உளி அது. ஆனால் மானியம் வருகிறது என்பதற்காகவும், அடுத்த வீட்டார் வாங்கினார் என்பதற்காகவும் வாங்கியோரும் உண்டு. வட்டியில் சலுகை கிடைத்தாலும் அசலில் சலுகை இல்லை. ஆண்டில் இரண்டு மாதமே ஓடும் இயந்திரத்துக்குப் பன்னிரண்டு மாதமும் தவணை கட்டுபவர் உண்மையில் தம் இயந்திரத்துக்கே கூலியாளாகிறார்.

வாங்கியே தீரவேண்டிய கருவி

இதுவரை சொன்னதைக் கேட்டு, வாங்காதிருப்பதே எப்போதும் அறம் என்று எவரும் முடிவு செய்துவிடலாகாது. அதற்கும் நம் மண்ணே சான்று.

திருப்பூரின் சாயப்பட்டறைகள் பல ஆண்டுகள் தம் கழிவுநீரைப் போதிய சுத்திகரிப்பின்றி நொய்யலில் விட்டன. சுத்திகரிக்கும் கருவிகள் விலை மிகுந்தவை, லாபம் தராதவை. ஆகவே அவை தவிர்க்கத்தக்க செலவாகத் தோன்றின. உழவர்களுக்காக 1992ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. எந்த உழவர்களுக்காக அணை எழுந்ததோ அவர்களே அதில் நீரைத் தேக்க வேண்டாம் என்று நீதிமன்றப் படியேறினர். இறுதியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. தொழிலாளர் பலர் வேலையிழந்தனர். அதன் பின்னரே கழிவுநீரைச் சொட்டும் வெளியேற்றாத பொதுச் சுத்திகரிப்பு முறை ஊன்றியது.

வாங்காமல் விட்ட அந்தக் கருவியின் விலையைச் செலுத்தியவர் யார்? சாயப்பட்டறை உரிமையாளர் அல்லர். கீழ்மடையிலிருந்த உழவர் தம் நிலத்தால் செலுத்தினார், அவருடைய கிணறு செலுத்தியது, கால்நடை செலுத்தியது. தையல் இயந்திரத்தின் ஊசிக்கு முன் பொருத்தும் விரல்காப்பைக் கழற்றி வைப்பவரும், வெட்டும் தொழிலாளிக்கு உலோகக் கையுறை வாங்கித் தராதவரும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். இங்கே மிச்சம் ஒருவருக்கு, காயம் மற்றொருவருக்கு.

ஆகவே, வரலாறு நமக்குத் தரும் அளவுகோல் தெளிவானது. தச்சர் கயிற்றையும் ஆப்பையும் கொண்டு பலகையை இறுக்கியபோது, கூடுதல் உழைப்பை அவரே ஏற்றார். கடனிலிருந்து தப்பியவரும் அவரே. குழித்தறி நெசவாளர் ஒரு சட்டத்தோடு நிறைவடைந்தபோது எவரும் துன்புறவில்லை. அது சிக்கனம். சிக்கனத்தின் சுமையைத் தானே ஏற்பவன் விவேகி. அதனைப் பிறர் உடலின்மீதும் பிறர் நிலத்தின்மீதும் ஏற்றுபவன், எவ்வளவு எளிமையாக வாழ்ந்தாலும், கஞ்சனே. திருச்சபையின் மொழியில் சொல்வதாயின், அநீதி செய்பவன்.

நம் குடும்பங்கள் செய்யக்கூடியது

இயந்திரம் வாங்க எண்ணும் குடும்பத்தார் தரகரை அழைக்குமுன் ஒரு மாலைப்பொழுதில் ஒன்றாக அமர்ந்து பேசட்டும். கோபுரம் கட்ட விரும்புபவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவது குறித்து ஆண்டவர் கூறியது (லூக்கா 14:28) சீடத்துவத்தைப் பற்றியது. ஆயினும் அந்த உவமை கட்டடத் தொழிலை நன்கறிந்த ஒருவரின் வாயிலிருந்தே வந்தது. நம் வேலையைத் தடுப்பது உண்மையில் எது? இருக்கும் இயந்திரத்தில் ஓர் உறுப்பை மாற்றினால் போதுமா? ஆண்டில் எத்தனை நாள் இது ஓடும்? ஓடாத நாளில் தவணை எங்கிருந்து வரும்? பழுதானால் நம் ஊரிலேயே சரிசெய்வார் உண்டா, அல்லது பெலிஸ்தியரைத் தேடிச் செல்ல வேண்டுமா? இதில் உட்காரப்போகும் மகளின் கண்ணும் முதுகும் விரலும் நலமாக இருக்குமா?

பங்குகளும் அன்பியங்களும் இதில் வாளாவிருக்க வேண்டியதில்லை. ஒரே தெருவில் நான்கு வீடுகளில் நான்கு ஓவர்லாக் இயந்திரங்கள் சேலை போர்த்தி நிற்பதைவிட, நால்வரும் சேர்ந்து ஒன்றை வாங்கி முறைவைத்து ஓட்டுவது அறிவுடைமை. அதற்குக் கணக்கு நோட்டும் நம்பிக்கையும் வேண்டும். இரண்டையும் வளர்க்கும் இடம் பங்கு சமூகமாக இருக்கலாம். தச்சு வேலையும், இயந்திரம் செப்பமிடும் வேலையும் கற்க விரும்பும் இளைஞரை ஊக்குவிப்பதும் நம் கடமை. வாங்கத் தெரிந்தவர்கள் பெருகி, சரிசெய்யத் தெரிந்தவர்கள் அருகிவரும் ஊரில், உளி தீட்டத் தெரிந்த ஒரு பிள்ளை அவ்வூருக்கே செல்வம்.

விசைநாடாவின் சட்டம், அம்பர் இராட்டை, பவர் டேபிள் ஆகிய மூன்றும் தச்சர் கைப்பட்டவை. அவற்றைச் செய்தவர்களின் பெயர்களில் பெரும்பாலானவை எந்த ஏட்டிலும் இல்லை. அவர்கள் விட்டுச் சென்ற விவேகமாவது நம் வீடுகளில் நிலைக்கட்டும்.